ஷெயார் மோசடி கேஸ்ல அப்பீல் போடுறப்ப நம்ம ஆளுங்க விடுற பிழைகள்

தீர்ப்பு சொன்ன அன்னைக்கு வீட்ல அழுக, மறுநாள் சொந்தக்காரங்க கூட்டம், அதுக்கப்புறம் யாராச்சும் அரசியல் ஆளப் புடிச்சா தண்டனைய கொறைக்கலாம்னு அலைச்சல், இப்படியே நாள் ஓடிரும். இலங்கைல, ஹட்டன்ல ஒரு லோயர் ஆபிஸ்ல டைப் அடிச்சுக்கிட்டு இருந்தப்ப நான் பாத்தது இதத்தான். தோட்டத்துல இருந்து கொழும்புக்கு புரோக்கர் கம்பெனி வேலைக்குப் போன பையன், கஸ்டமர் காசுல ஷெயார் வாங்கி வித்து மறியலுக்கு, அதான் ஜெயிலுக்கு, போயிட்டான், அப்பா பைலத் தூக்கிக்கிட்டு வந்தது ஒரு மாசம் கழிச்சு.

ஹைகோர்ட் தீர்ப்புக்கு எதிரா அப்பீல் போட 14 நாள்தான். ஞாயிறு, போயா (பௌர்ணமி) லீவெல்லாம் கழிச்சு எண்ணலாம்னு யாராச்சும் சொல்லுவாங்க, அத நம்பி கடைசி நாள் வரைக்கும் இருக்காதீங்க. நாள் தவறினா ரிவிஷன்னு, தீர்ப்ப மேல் கோர்ட்ட திரும்பப் பாக்கச் சொல்லிக் கேக்குற ஒரு வழி இருக்கு, ஆனா அது உங்க உரிமை இல்ல, கோர்ட்டுக்கு விசேஷ காரணம் காட்டணும். இதுல கொடும என்னன்னா அந்தப் பையன் உள்ள இருந்தே ஜெயிலர்கிட்ட ‘அப்பீல் போடணும், காரணம் இதுதான்’னு 14 நாளுக்குள்ள சொல்லியிருந்தா போதும், மனுவ தயார் பண்ணி கோர்ட்டுக்கு அனுப்புறது ஜெயிலரோட கடம, 1979ம் வருஷத்து குற்றவியல் நடவடிக்கைச் சட்டத்துலயே இருக்கு. அவனுக்கு யாருமே சொல்லல.

அடுத்தது, அப்பீல்னா கேஸ முதல்ல இருந்து நடத்துறதுன்னு நெனைக்கிறது. ‘நல்ல புள்ள சார், தங்கச்சி கல்யாணத்துக்கு நிக்கிது’ன்னு பக்கம் பக்கமா எழுதினா வேல நடக்காது, கீழ் கோர்ட் எந்த எடத்துல பிழ விட்டுச்சுன்னு காட்டணும். அமெரிக்கால ராஜ் ராஜரத்தினம் கேஸ பாருங்க, கொழும்புல பொறந்தவரு, ஷெயார் மோசடிக்கு 2011ல 11 வருஷம் குடுத்தாங்க. அவரோட அப்பீல்ல பெரிய வாதமே போன் ஒட்டுக்கேக்க அனுமதி வாங்குனப்ப அதிகாரிங்க உண்மைய மறைச்சாங்கன்னுதான். அவ்வளவு காசு, அவ்வளவு பெரிய லோயருங்க, அப்பிடியும் 2013ல தள்ளுபடி ஆச்சு. அப்பீல் முடியிற வரைக்கும் வெளிய விடுங்கன்னு கேட்டும் விடல. இங்கயும் அப்பீல் போட்டதுமே பெயில் கெடைக்கும்னு நெனைச்சு தங்கச் சங்கிலிய அடகு வைக்காதீங்க, குத்தத்தோட கடுமைய எல்லாம் பாத்து நீதிபதிதான் முடிவு பண்ணுவாரு.

காசத் திருப்பிக் கட்டிட்டா கேஸ் கழிஞ்சிரும்ங்கிறதும் பிழதான், தண்டனைய கொறைக்கக் கேக்குறப்ப உதவலாம், குத்தம் அழியாது.

இன்னொன்ன யாரும் சொல்ல மாட்டாங்க. தண்டன கூடிப்போச்சுன்னு அப்பீல் போனா அத கூட்டவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. சும்மா போட்டுப் பாப்போம்னு போடுற விஷயம் இல்ல, போடுறதுக்கு முன்னாடி லோயர்கிட்ட நேராவே கேட்டுருங்க. காசு இல்லன்னா சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, அங்கயும் சீக்கிரம் போகணும்.

கடைசியா நம்ம பக்கத்துப் பிரச்சன, மனு சிங்களத்துல இருக்கும், எங்க காட்டுறாங்களோ அங்க கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவோம். என்ன காரணம் எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. லோயருக்கு நேரமில்லன்னா அங்க என்ன மாதிரி டைப் அடிக்கிற ஆள் ஒருத்தன் இருப்பான், ஒரு பிளேன்டீ வாங்கிக் குடுத்தா வரி வரியா சொல்லுவான்.