மனசுக்காக உடற்பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"டெய்லி வாக்கிங் போங்க" என்று டாக்டர் சொன்னால் நமக்கு உடனே சர்க்கரையும் கொழுப்பும் எடையும்தான் ஞாபகம் வரும். மனசுக்காக நடக்கிறேன் என்று சொல்பவர்கள் நம்மிடையே இன்னும் குறைவுதான். ஆனால் அதற்கான ஆதாரம் லேசானதல்ல. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு நோய் இருந்த, ஐம்பது வயதைத் தாண்டிய 156 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் நடையும் மெது ஓட்டமும், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்குத் தொடக்கத்தில் பலன் சீக்கிரம் தெரிந்தது. ஆனால் 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

இவ்வளவு பலன் இருந்தும் பலர் ஆரம்பித்த வேகத்திலேயே விட்டுவிடுகிறார்கள். எடையைக் குறைக்கப் போடும் கணக்கை அப்படியே கொண்டுவந்து மனசுக்கும் போடுவதுதான் இதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

எடை மெஷின் சொல்வதே தீர்ப்பு என்று நினைப்பது

ஒரு மாதம் ஒழுங்காக நடந்துவிட்டு, "ஒரு கிலோகூடக் குறையலை, இதெல்லாம் வேஸ்ட்" என்று செருப்பை ஓரமாகப் போட்டுவிடுகிறோம். சாப்பாட்டை மாற்றாமல் நடை மட்டும் போனால் எடை பெரிதாகக் குறையாது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் படுத்ததும் தூக்கம் வந்திருக்கலாம். பிள்ளைகளிடம் எரிந்து விழுவது குறைந்திருக்கலாம். மனத்திடம் உள்ளவருக்கும் கோபமும் வருத்தமும் வரும். வந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் நிலைக்குத் திரும்புகிறார் என்பதில்தான் வித்தியாசம் தெரியும். அதனால் குறித்து வைப்பதென்றால் இவற்றைக் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினேன், ஆபீஸில் வாங்கிய திட்டு எவ்வளவு நேரம் மண்டைக்குள் ஓடியது, இன்று யாரிடமாவது சிரித்துப் பேசினேனா.

முதல் வாரத்திலேயே உடம்பை வாட்டுவது

வருடக் கட்டணம் கட்டி ஜிம்மில் சேர்ந்து, முதல் நாளே இரண்டு மணி நேரம் செய்து, மூன்றாம் நாள் படியிறங்க முடியாமல் உட்கார்ந்துவிடுவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியது நல்ல விஷயம். ஆனால் பல வருடமாக நடக்காத ஒருவர் முதல் நாளே முழுத் தூரத்தையும் நடந்து காட்ட வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு, மிதமான வேகத்தில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் அப்போது எடுத்துவிட்டார்கள். மிதமான வேகத்தை அளக்க வாட்ச் எதுவும் வேண்டாம்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

மனசைப் பொறுத்தவரை இதைவிடக் குறைந்த அளவும் வீண் போவதில்லை. நார்வேயில் 33,908 பேரைச் சுமார் 11 வருடம் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியான ஆய்வில், வாரம் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்தவர்களிடமே பின்னாளில் மனச்சோர்வு வருவது குறைவாக இருந்தது. மெதுவாகச் செய்தார்களா, வேகமாகச் செய்தார்களா என்பது அதில் பெரிய விஷயமாக இல்லை. பதற்ற நோய்க்கு அந்தப் பாதுகாப்பு தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. அதே ஆண்டில் 12 லட்சம் அமெரிக்கர்களின் தகவலை வைத்து வந்த ஆய்வில், வாரம் மூன்று முதல் ஐந்து நாள், தலா 45 நிமிடம் செய்தவர்கள்தான் நல்ல மனநிலையில் இருந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்தவர்களின் நிலை, ஒன்றுமே செய்யாதவர்களைவிட மோசமாக இருந்தது.

பிரியாணி சாப்பிட்ட குற்றத்துக்குத் தண்டனையாக ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தன் உடம்பை வெறுத்துக்கொண்டு செய்கிற பயிற்சி, மனசுக்கு இன்னொரு பாரம்தான். எப்போதும் அசதி, தூக்கம் கெடுவது, சும்மா இருக்கும்போதே இதயம் வேகமாகத் துடிப்பது, காரணமில்லாத சிடுசிடுப்பு, இதெல்லாம் சேர்ந்து வந்தால் பயிற்சி அளவு மீறிப் போயிருக்கலாம். ஓய்வு கொடுங்கள்.

கஷ்டம் வந்ததும் முதல் வேலையாக நடையை நிறுத்துவது

இருக்கிற தவறுகளில் இதுதான் பெரியது. வேலை நெருக்கடி வந்தால் நிறுத்திவிடுகிறோம். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் நிறுத்திவிடுகிறோம். பிளஸ் டூ வந்துவிட்டால் பிள்ளையின் விளையாட்டை நாமே நிறுத்துகிறோம், பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். எந்த மாதத்தில் அந்தப் பிள்ளைக்கு ஓடியாடுவது மிக அவசியமோ, அந்த மாதத்தில்தான் அதைப் பிடுங்குகிறோம்.

வேகமாக நடக்கும்போது இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு வாங்குகிறது, உடம்பில் அட்ரினலின் கூடுகிறது. பயந்தாலும் பதறினாலும் இதேதான் நடக்கும். ஒரு வித்தியாசம், பயிற்சியில் அந்த நெருக்கடிக்கு ஒரு முடிவு இருக்கிறது. அரை மணி நேரத்தில் நிற்கிறோம், எல்லாம் அடங்குகிறது. இப்படி ஏறி இறங்கிப் பழகிய உடம்பு, நிஜமான நெருக்கடி வரும்போதும் ஏறிய இடத்திலேயே நின்றுவிடாமல் இறங்கக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. மூளையிலும் மாற்றம் தெரிகிறது. 120 முதியவர்களை வைத்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வருடம் நடைப்பயிற்சி செய்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. நினைவாற்றலுக்கும் மன அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதற்கும் உதவும் பகுதி அது. வயதாக ஆகச் சுருங்கிக்கொண்டே போகும் இயல்புடையதும்கூட.

அதனால் கஷ்ட காலத்துக்கென்று ஒரு சின்ன அளவை இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் தெருவில், இல்லையென்றால் மொட்டை மாடியில். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நாளில் படிக்கட்டில் இரண்டு தடவை ஏறி இறங்குவது. "மூடு வரட்டும், போகலாம்" என்று காத்திருந்தால் சோர்ந்த மனசுக்கு அந்த மூடு வரவே வராது. மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளிலேயே, முதலில் செயல், மனநிலை பின்னால் வரும் என்ற அடிப்படையில் ஒன்று இருக்கிறது.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று நினைப்பவர்களும் உண்டு. லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. எல்லோரும் சொல்லும் 21 நாள் கணக்கை நம்பி, 22-ஆம் நாளும் சோம்பலாக இருக்கிறதே என்று மனம் உடைய வேண்டாம்.

படபடப்பைக் கண்டு பயப்படுவது

பதற்றம் அதிகம் உள்ளவர்கள், மூச்சு வாங்கினாலே ஏதோ ஆகிவிடும் என்று பயந்து மாடிப்படியைக்கூடத் தவிர்ப்பார்கள். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். டாக்டரிடம் காட்டி, இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதியான பிறகு, மெதுவாக வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனால், 'படபடத்தது, அப்புறம் அடங்கியது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பது உடம்புக்கே புரியும். ஆனால் நெஞ்சு வலி, மயக்கம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி வந்தால் அதைப் பதற்றம் என்று ஒதுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே"

பெண்களிடம் இதை நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். துவைப்பதும் பெருக்குவதும் உடலுழைப்புதான், சந்தேகமில்லை. ஆனால் தானே விரும்பி, தனக்கென்று ஒதுக்கிய நேரத்தில் செய்யும் பயிற்சிக்கும் மனநலத்துக்கும் உள்ள நல்ல தொடர்பு, கட்டாய வேலையின் உழைப்பில் அந்த அளவுக்குத் தெரிவதில்லை. அம்மாவுக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்க வேண்டுமென்றால், காலை டிபன் வேலையை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அறிவுரையைவிட அதுதான் உதவும்.

"நடந்தா சரியாயிடும்" என்று சொல்லி விட்டுவிடுவது

படுக்கையை விட்டு எழுந்து பல் தேய்ப்பதே மலையாக இருக்கும் ஒருவரிடம் "ஜாகிங் போ" என்றால், முடியவில்லையே என்ற குற்ற உணர்வுதான் கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுப்போயிருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடோ ரத்தசோகையோகூட இப்படி ஆளைச் சோர்த்துப் போடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்கவே கூடாது. இந்தியாவில் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாட்டில் 104-லும், இலங்கையில் 1926-லும் அழைக்கலாம். பயிற்சியில் நன்றாக இருக்கிறது என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எதைக் குறைப்பது, எப்போது குறைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், "போ" என்பதற்குப் பதில் "வா, கடை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். வழியில் அறிவுரை வேண்டாம். தெரு முனையிலேயே போதும் என்றால் திரும்பிவிடுங்கள். மறுநாளும் அதே நேரத்துக்குக் கூப்பிடுங்கள்.