தெரிந்த சொல்தான் ஏமாற்றும்: பழைய ஆங்கிலம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், மாற்கு 6-ஆம் அதிகாரத்தில், ஏரோதியாளின் மகள் யோவான் ஸ்நானகனின் தலையைக் கேட்கிறாள். அதை ஒரு 'சார்ஜரில்' வைத்து, 'பை அண்டு பை' தர வேண்டும் என்கிறாள். சார்ஜர் என்றதும் நாம் முழிப்போம், அகராதியைப் புரட்டுவோம், பெரிய தட்டு என்று கண்டுபிடித்துவிடுவோம். 'பை அண்டு பை'க்கு யாரும் அகராதியைத் தொடமாட்டார்கள். 'கொஞ்ச நேரம் போனபின்' என்றுதான் நமக்குத் தெரியுமே. ஆனால் அந்த இடத்தில் அதற்கு 'இப்பவே, உடனே' என்று பொருள். அந்தப் பெண்ணின் அவசரம் முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. தெரியாத சொல்லிடம் உஷாராக இருக்கும் நாம், தெரிந்த சொல்லிடம் ஏமாந்துபோகிறோம்.

'லெட்' இன்னும் மோசம். ஷேக்ஸ்பியர் நாடகத்தில், தந்தையின் ஆவி அழைக்க, அதன் பின்னால் போகத் துடிக்கும் இளவரசன் ஹாம்லெட், தன்னை 'லெட்' செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான். 'விடுகிறவனை' என்று படித்தால் காட்சியே தலைகீழ். அங்கே அதற்குத் 'தடுப்பவன்' என்று பொருள். வெவ்வேறாக இருந்த இரண்டு வினைச்சொற்கள் காலப்போக்கில் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. தடுப்பதைக் குறித்த சொல் வழக்கொழிந்தது. அதே போல 119-ஆம் சங்கீதத்தில் பக்தன் 'விடியலை ப்ரிவென்ட் செய்தேன்' என்கிறான். விடியலை யார் தடுக்க முடியும்? விடியும் முன்னே எழுந்துவிட்டேன் என்கிறான் அவன். லத்தீன் மூலத்தில் அந்தச் சொல்லுக்கு 'முன்னே வருதல்' என்றுதான் பொருள்.

'எங்கே' போலக் காதில் விழும் 'வேர்ஃபோர்' பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மாடத்தில் நிற்கும் ஜூலியட் 'ரோமியோ, எங்கே இருக்கிறாய்' என்று தேடவில்லை. 'நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்' என்று கேட்கிறாள். பகைக் குடும்பத்துப் பெயர் அது. அவள் வேதனையே அந்த 'ஏன்'தான்.

அடுத்தது 'தௌ'. இதை மிகுந்த மரியாதைச் சொல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பழைய ஜெபங்களில் கடவுளை அப்படி அழைப்பதைக் கேட்டுக் கேட்டு வந்த எண்ணம் இது. உண்மையில் அது நம் 'நீ'. 'யூ'தான் பன்மைக்கும் மரியாதைக்கும் உரியது. கடவுளை நம் பக்தர்கள் 'நீ' என்று உரிமையோடு பாடுவதை நினைத்தால் ஜெபத்தில் 'தௌ' வருவது எளிதில் புரியும். காதலர்களிடம் அது நெருக்கம், வேலைக்காரரிடம் அதிகாரம், சமமானவரிடம் கோபத்தில் சொன்னால் அவமானம். 1603-இல் கடலோடி சர் வால்டர் ராலே மீது ராஜதுரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், 'துரோகியே, உன்னை நான் நீ என்றே சொல்வேன்' என்கிற பொருளில் 'தௌ' என்பதை வினைச்சொல்லாகவே ஆக்கி அவர்மேல் வீசினார். பின்னாளில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், எல்லாரும் சமம் என்ற கொள்கையோடு பெரிய மனிதர்களையும் அப்படியே அழைத்தபோது அடியும் வசவும் வாங்கினார்கள். ஆகவே ஷேக்ஸ்பியரை மொழிபெயர்க்கிறவர் 'தௌ' வரும் இடமெல்லாம் 'தாங்கள்' போட்டால் பாத்திரங்களின் உறவே கெட்டுப்போகும். ஒரே உரையாடலில் யூவிலிருந்து தௌவுக்கு ஒருவர் மாறினால், அங்கே நின்று காரணத்தைத் தேடுங்கள்.

பழமை தோன்றுவதற்காகக் கடைப் பலகைகளில் 'தி ஓல்டு' என்பதற்குப் பதில் எழுதும் 'யீ ஓல்டு' வேறு கதை. அந்த முதல் எழுத்து 'ய' ஒலி இல்லை. 'தோர்ன்' என்ற பழைய எழுத்து அச்சுக்கோப்பவர்களிடம் இல்லாததால், பார்க்க அதுபோல இருந்த ஒய் எழுத்தைப் போட்டார்கள். உச்சரிப்பு எப்போதும் 'த'தான்.

அப்புறம், கேட்க இனிக்கும் கதைகள். லண்டனின் புனித பால் பேராலயத்தை அரசர் 'ஆஃபுல்' என்று புகழ்ந்தார் என்பார்கள்; இன்று அதற்கு 'படுமோசம்' என்று பொருள். அந்தச் சொல்லுக்கு முன்பு 'வியந்து பணியவைப்பது' என்று பொருள் இருந்தது உண்மை. அரசரின் பெயரோ சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. அதனால் அந்தக் கதையைச் சான்றாகக் காட்டாதீர்கள். நமக்குப் பிரியமான இன்னொன்று, 'கேஷ்' நம் 'காசு'தான் என்பது. இதில் பாதிதான் உண்மை. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் சென்னையில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்; அந்தச் சிறு நாணயத்தின் பெயர் காசிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போனது. கையில் இருக்கும் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு. அது பிரெஞ்சு, இத்தாலிய வழி வந்தது, முதலில் பணப்பெட்டியைக் குறித்தது. ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆன கட்டுமரமும், 'முல்லிகட்டானி' ஆன மிளகுத் தண்ணீரும் நிஜமாகவே நம்மிடமிருந்து போன சொற்கள். அவற்றைத் தாராளமாகச் சொல்லலாம்.

பழைய பொருள் தெரிந்தபின் வரும் தவறும் ஒன்று உண்டு. 'நைஸ்' ஒரு காலத்தில் 'மூடத்தனமான' என்று பொருள்பட்டது, 'சில்லி' முன்பு 'பேறுபெற்ற' என்று இருந்தது. அதுதான் சரியான பொருள் என்று இன்று ஒருவரைத் திருத்தப் போகாதீர்கள். திருக்குறளில் 'நாற்றம்' மொட்டுக்குள் இருக்கும் நறுமணம். அதற்காக இன்று பூக்காரரிடம் போய் உங்கள் மல்லிகை நாறுகிறது என்று யாரும் பாராட்டுவதில்லை.