கோகோவைப் பின்தொடர்ந்து உலக அமைப்புக் கோட்பாட்டைப் பயன்படுத்துவது எப்படி?

அமெரிக்கச் சமூகவியலாளர் இம்மானுவேல் வாலர்ஸ்டைன் 1974இல் முன்வைத்த, உலகம் முழுவதையும் ஒரே பொருளாதார அமைப்பாகப் பார்க்கும் உலக அமைப்புக் கோட்பாட்டை, நாடுகளை மையம் (லாபம் குவியும் இடம்), அரைவிளிம்பு (இரண்டும் கலந்த இடைநிலை), விளிம்பு (மலிவான உழைப்பும் மூலப்பொருளும் தரும் இடம்) என மூன்று பெட்டிகளில் அடைக்கும் பட்டியலாகவே பலரும் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அப்படிப் படிப்பதால், ஒரு நாடு ஏன் அந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது விளங்காமலே போகிறது. மையம், விளிம்பு என்பவை முதலில் உற்பத்தி நடவடிக்கைகளின் தன்மைகள். எந்த வகை நடவடிக்கைகள் எங்கே குவிகின்றன என்பதைப் பொறுத்தே நாடுகளுக்கு அந்த அடையாளம் கிடைக்கிறது. ஆகவே நாட்டிலிருந்து தொடங்காமல் ஒரு பண்டத்திலிருந்து தொடங்குங்கள். கோகோ இதற்கு மிகவும் ஏற்றது.

கோகோ கடந்துவரும் கட்டங்களை முதலில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்: சாகுபடி, கொள்முதல், ஏற்றுமதி, அரைப்பு (கொட்டையை விழுதாகவும் வெண்ணெயாகவும் மாற்றுவது), சாக்லேட் தயாரிப்பு, விற்பனை. பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்று பாருங்கள். உலக உற்பத்தியில் பாதிக்கும் மேல் தரும் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் சில ஹெக்டேர் மட்டுமே வைத்திருக்கும் சிறு விவசாயிகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அரைப்பிலோ பன்னாட்டு நிறுவனங்கள் சில மட்டுமே கோலோச்சுகின்றன. போட்டி மிகுந்த கட்டத்தில் லாபம் கரைந்துவிடும், போட்டி குறைந்த கட்டத்தில் அது தங்கும். வாலர்ஸ்டைன் மையத்தை ஏகபோகத்தோடு இணைத்துப் பார்த்ததன் காரணம் இதுதான்.

அடுத்துப் பண்ணை வீட்டுக்குள் பாருங்கள். பலர் தாண்டிப்போகும் இந்த இடத்தில்தான் கோட்பாட்டின் கூர்மை இருப்பதாக நான் கருதுகிறேன். காயை வெட்டிப் பிளந்து, சதையோடு கூடிய கொட்டைகளை வாழை இலையால் மூடி ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, பிறகு பாயில் பரப்பி வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைக்கும் வேலையில் பெரும்பகுதியைக் கூலி பெறாத குடும்பத்தினரே செய்கிறார்கள். உணவுக்கான மரவள்ளியும் வாழையும் அதே நிலத்தில் விளைகின்றன. குடும்பம் தன்னைத்தானே ஓரளவு காப்பாற்றிக்கொள்வதால், வாழ்க்கைச் செலவுக்குப் போதாத விலைக்கும் கோகோ தொடர்ந்து சந்தைக்கு வருகிறது. நட்ட மரம் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், விலை சரிந்தவுடன் வேறு பயிருக்கு மாறுவதும் எளிதன்று.

மூன்றாவதாக, அரசின் பங்கைக் காலவரிசைப்படி தேடுங்கள். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கோல்ட் கோஸ்ட்டில் (இன்றைய கானா) ஐரோப்பிய நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு கொள்முதல் விலையைக் கட்டுப்படுத்த முயன்றபோது, விவசாயிகள் 1937–38 பருவத்தில் மாதக்கணக்கில் கோகோவை விற்க மறுத்ததோடு இறக்குமதிப் பொருள்களையும் புறக்கணித்தார்கள். விவசாயிகளின் கோகோவை வாங்கி விற்பதற்காக 1947இல் காலனி அரசு அமைத்த கோகோ வாரியம், 1957இல் விடுதலை பெற்ற கானாவின் கைக்கு வந்தது. வாங்குபவர் மாறினாரே ஒழிய, உலக விலைக்கும் விவசாயி பெற்ற விலைக்கும் இடையிலான வித்தியாசம் மறையவில்லை.

தொழிற்சாலையைக் கண்டவுடன் அந்த நாடு மேலேறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஐவரி கோஸ்ட் இன்று கோகோ அரைப்பில் நெதர்லாந்துக்கு இணையாக நிற்கிறது. ஆனால் அங்குள்ள ஆலைகளில் பெரும்பாலானவை பன்னாட்டு நிறுவனங்களுடையவை, சாக்லேட்டின் வணிகப் பெயரும் விற்பனை வழிகளும் இன்னமும் வடக்கின் பணக்கார நாடுகளிலேயே இருக்கின்றன. உடைமை, கடன், விலை நிர்ணயம் ஆகிய மூன்றையும் சரிபார்த்த பிறகே அரைவிளிம்பு என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள்.

இறுதியாக, அமெரிக்க மார்க்சிய வரலாற்றாசிரியர் ராபர்ட் பிரென்னர் 1977இல் எழுப்பிய மறுப்பைக் கொண்டு உங்கள் ஆய்வைச் சோதியுங்கள். வாலர்ஸ்டைன் வணிகத்துக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்து, நாட்டுக்குள் நிலவும் வர்க்க உறவுகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார் என்பது பிரென்னரின் வாதம். இதைச் சோதிக்க ஓர் எடுத்துக்காட்டு: 2024 மார்ச்சில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது, அறுவடையில் பெரும்பகுதியை முன்கூட்டியே விற்றிருந்த கானாவில் விவசாயிக்குக் கிடைத்தது பருவத் தொடக்கத்தில் அரசு அறிவித்த விலையே. ஏப்ரலில் உயர்த்தப்பட்ட விலையும் உலக விலைக்கு வெகு கீழே இருந்தது. இந்த இடைவெளியில் எவ்வளவு வெளிநாட்டு வாங்குபவருக்குப் போனது, எவ்வளவு உள்நாட்டு வாரியத்திலும் இடைத்தரகரிடமும் தங்கியது என்று தனித்தனியே கணக்கிடுங்கள்.