பழைய காருக்கு முன் பிரேக் டிஸ்க் மாத்தேக்க ஆக்கள் விடுற பிழைகள்

கொழும்பில கார்ச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் புது டிஸ்க்கும் அதை அமத்திப் பிடிக்கிற பேடும் வாங்கி, பழசைக் கழட்டிப் புதுசைப் பூட்டினா வேலை முடிஞ்சுது எண்டுதான் கனபேர் நினைக்கினம். கரைச்சல் வாறது டிஸ்க்கால இல்ல, அதைச் சுத்தியிருக்கிற சாமான்களாலதான்.

1962இல வந்த எம்ஜிபி எண்ட இங்கிலீஸ் ஸ்போர்ட்ஸ் காரையே எடுங்கோ. இப்பத்தக் கார் மாதிரி சில்லைக் கழட்டின உடன டிஸ்க் கையோட வராது, சில்லு பூட்டுற நடுப்பகுதியான ஹப்புக்குப் பின்னால போல்ட் போட்டு இறுக்கியிருக்கும், அப்ப ஹப்பையே இழுக்கவேணும், பேரிங்கும் சேந்து வெளியால வரும். உள்ளுக்க இருக்கிற மெல்லிய தகட்டு வளையங்களை, ஷிம் எண்டு சொல்லுறதை, இது என்னத்துக்கு எண்டு எறிஞ்சுபோட்டு நட்டை இறுக்கினா பேரிங் நெருங்கிச் சூடாகிப் போயிரும். ஹப் முன்னுக்குப் பின்னுக்கு ஆடுறது 0.05இலயிருந்து 0.10 மில்லிமீற்றருக்குள்ள நிக்கவேணும், கையால ஆட்டிப் பாத்து சரி எண்டு சொல்லுற மெக்கானிக் பாஸ்மாரை நான் நம்பமாட்டன், அசைவை அளக்கிற டயல் கேஜ் வைச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. நட் கழராமல் பிடிக்கிற ஸ்ப்ளிட் பின் புதுசு போடுங்கோ, பத்து ரூவா சாமானுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

கொழும்பில கடற்கரையோட போற மெரைன் டிரைவ் பக்கம் நிப்பாட்டுற காரெண்டா ஹப் முகத்தில கறள் கட்டாயம் இருக்கும். அதைச் சுரண்டாமல் மேலால டிஸ்க்கை வைச்சா டிஸ்க் சரிஞ்சு நிண்டு பெடல் துடிக்கும், பிறகு நல்ல டிஸ்க்கைப் பிழை எண்டு சொல்லிக் கடைக்காரனை ஏசுறது.

எல்லாத்தையும் விட மோசம் பழைய றபர் ஹோஸை அப்பிடியே விடுறது. வெளியால பாத்தா நல்லாத்தான் இருக்கும், உள்ளுக்க வீங்கி அடைபட்டிருக்கும், மிதிக்கேக்க பிரேக் ஒயில் போகும், காலை எடுத்தாத் திரும்பி வராது, பேட் உரசிக்கொண்டே இருக்கும். உடன பேட்டை அமத்துற கேலிப்பர் பிழை எண்டு சொல்லுவினம். சில்லைத் தூக்கி, பிரேக்கை மிதிச்சு விட்டுட்டுச் சுத்திப் பாருங்கோ. இறுகி நிண்டா ஹோஸுக்கு மேல இருக்கிற பைப் நட்டைக் கொஞ்சம் தளத்துங்கோ, அப்பவும் இறுக்கம் விடாட்டி கேலிப்பரில ஒயிலும் காத்தும் வெளியால விடுற ப்ளீட் நிப்பிளைத் திறவுங்கோ, இப்ப சில்லு விடுபட்டா ஹோஸ்தான், அதுக்கும் அசையாட்டி கேலிப்பர் பிஸ்டன் பிடிச்சிருக்கு. கேலிப்பரைக் கழட்டினா ஹோஸில தொங்கவிடாமல் கம்பியால கட்டுங்கோ.

பிஸ்டனை உள்ள தள்ளேக்க நிப்பிளில குழாய் போட்டுத் திறந்து வைக்கவேணும். இல்லாட்டி ஊத்தை ஒயில் மேல ஏறி பெடலால ஒயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் பொங்கி வழியும், பெயின்ற்றைத் தின்னும். திறந்து மாசக்கணக்கா கிடந்த போத்தல் ஒயிலை ஊத்தாதேங்கோ, கொழும்புக் காத்தில தண்ணியை இழுத்திரும், டொட் 4 எண்ட தரத்து பிரேக் ஒயில் புதுசில 230 பாகைக்கு மேலதான் கொதிக்கும், தண்ணி சேந்தா 155 வரைக்கும் இறங்கலாம். பழைய பேட் தூசியைக் கொம்ப்ரெசரால ஊதவே ஊதாதேங்கோ, அந்தக் காலத்துப் பேட்டில நெஞ்சுக்குக் கூடாத அஸ்பெஸ்டஸ் இருக்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் மாத்துறதைப் பற்றிச் சொல்லத் தேவையில்ல, கார் இழுக்கும்.

பூட்டினாப் பிறகு, நகர்த்த முதல் பெடல் இறுகும்வரை மிதியுங்கோ. புதுப் பேட்டை டிஸ்க்கோட படிய வைக்கக் கோல் றோட் ட்ராஃபிக்குக்குப் போகாதேங்கோ, சூடான பேட்டை அமத்திப் பிடிச்சுக்கொண்டு லைட்டில நிண்டா டிஸ்க்கில தடம் விழும். ஞாயிறு விடிய பத்தரமுல்லப் பக்கம் போய், ஐம்பதில ஓடி நிப்பாட்டாமலே பத்துக்குக் குறைச்சு, ஆறவிட்டுத் திரும்பத் திரும்பச் செய்யுங்கோ.