பேய்க்கதையை மேடைக்குக் கொண்டுவரும் முறை

கதையில் பேய் வருவதற்கு ஒரு வாக்கியம் போதும். மேடையிலோ அதற்கு ஒரு நடிகரின் உடல் வேண்டும்; அந்த உடல் நடந்தால் பலகை கிறீச்சிடும், முன்வரிசையில் இருப்பவருக்கு ஒப்பனையின் விளிம்பும் தெரியும். ஆகவே வசனம் எழுதத் தொடங்குமுன் மூலக்கதையைப் பென்சிலோடு படித்து, பேய் தோன்றும் ஒவ்வோர் இடத்திலும் அதைப் பார்ப்பவர் யார், உடனிருந்தும் பார்க்காதவர் யார், எழுத்தாளர் சொல்லாமல் விட்டது எது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் வெளியிட்ட ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ என்ற கதையில், மாளிகை ஒன்றில் இரண்டு குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வந்த ஆசிரியை, முன்பு அங்கே வேலைசெய்து இறந்துபோன இருவரைக் காண்கிறார். அவர்கள் உண்மையில் வந்தார்களா, அவருடைய மனமே அவர்களைப் படைத்துக்கொண்டதா என்பது கடைசிவரை தீர்வதில்லை. அவர்கள் பேசுவதை வாசகர் நேரடியாகக் கேட்பதுமில்லை. 1954-இல் பெஞ்சமின் பிரிட்டன் இதை இசைநாடகமாக்கியபோது அந்தப் பேய்களைப் பாடவைத்தார். இசை தனக்கென ஒரு மயக்கத்தைக் கொண்டுவந்ததால் அங்கே அது பொருந்தியது. வசன நாடகத்தில் பேய் வாயைத் திறந்தால் ஐயம் அந்த நொடியே கலைந்துவிடும். எனவே பார்வையாளர் பேயைக் காண வேண்டுமா, பேயைக் காணும் ஆசிரியையின் முகத்தை மட்டும் காண வேண்டுமா என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள். இரண்டாவது வழி நடிகைக்குக் கடினமானது என்றாலும் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

இத்தகைய கதைகள் பலவற்றில் யாரோ ஒருவர் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருப்பார். காட்சி வேகமாக நகர வேண்டும் என்று அந்தக் கதைசொல்லியை வெட்டிவிடுவது அவசரம். சூசன் ஹில்லின் 1983-ஆம் ஆண்டு நாவலான ‘தி வுமன் இன் பிளாக்’கை 1987-இல் ஸ்டீஃபன் மல்லாட்ராட் நாடகமாக்கியபோது, தன் அனுபவத்தைச் சொல்லத் தவிக்கும் முதியவர் ஒருவரும் அவருக்குப் பயிற்சி தரும் நடிகர் ஒருவரும் ஒத்திகை பார்ப்பதாகவே முழுக் கதையையும் அமைத்தார். ஒரு பிரம்புப் பெட்டி குதிரைவண்டியாகிறது. இல்லாத நாயை இருவரும் தடவிக்கொடுக்கிறார்கள். அந்த நாயை நம்பிய பார்வையாளர் பேயையும் நம்பத் தயாராகிவிடுகிறார் என்பதே இதன் சூட்சுமம். சிறிய செலவில் இங்கிலாந்தின் ஸ்கார்பரோ நகரில் தொடங்கிய அந்நாடகம், லண்டனில் 1989 முதல் 2023 வரை ஓடியது.

கருவிகளைப் பொறுத்தவரை, 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் சாய்த்துவைத்த கண்ணாடியில் மறைவான நடிகரின் பிம்பத்தை விழச்செய்து உருவாக்கிய தோற்றம் இன்றும் வியப்பூட்டும். ஆனால் பெரும்பாலான குழுக்களுக்கு ஒரு சல்லாத் துணியே போதும்: முன்னிருந்து ஒளி பட்டால் அது சுவராகத் தெரியும், முன்னொளியைக் குறைத்துப் பின்னால் ஒளியேற்றினால் அங்கே நிற்பவர் தெரிவார். பேய் தோன்றுவதற்குச் சில நிமிடங்கள் முன்பிருந்தே மேடையின் ஒளியை யாரும் உணராதபடி குறைத்துவந்தால், கண் இருளுக்குப் பழகி, மங்கலான உருவத்தையும் தானாகத் தேடத் தொடங்கும். திடீர் அலறலை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். சிரிப்புக்கு அஞ்ச வேண்டாம். பதற்றமுள்ள அரங்கம் எப்படியும் சிரிக்கும், அந்தச் சிரிப்பு எங்கே எழ வேண்டும் என்பதை வசனத்தால் நீங்களே தீர்மானித்து, அது அடங்கும் நேரத்தில் அடுத்த தோற்றத்தை வையுங்கள்.

மூல ஆசிரியரின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதா என்பதைப் பிரதி எழுதுமுன் உறுதிசெய்வது அவசியம். மொழிபெயர்ப்பிலிருந்து எழுதினால் அதற்குத் தனி உரிமை இருக்கலாம். பேயாக நடிப்பவர் இறுதி வணக்கத்துக்கு மேடையேற வேண்டுமா என்பதையும் ஒத்திகையின்போதே அவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். வராமலிருப்பதே நல்லது என்றால், கைத்தட்டலை இழக்கும் அவருக்கு அதற்கான காரணம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.