ஃப்ளோரிடாவில் குளத்தோரம் வீடு வாங்குகிறவர்களுக்கு

ஃப்ளோரிடாவில் வீடு பார்க்கப் போனால் ஏஜென்ட் முதலில் கூட்டிப்போய்க் காட்டுவது பின்பக்கத்துக் குளத்தைத்தான். 'வாட்டர் வியூ' என்று அதற்குத் தனியாக விலையும் ஏற்றுவார்கள். உண்மையில் அது மழைநீர் வடிவதற்காக பில்டர் வெட்டிய பள்ளம். அலிகேட்டர் என்கிற அமெரிக்க முதலைக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. தண்ணீர் இருந்தால் போதும். மாநிலத்தின் 67 கவுண்டிகளிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலிகேட்டர் உண்டு. மொத்தம் சுமார் 13 லட்சம் இருக்கும் என்பது மாநில வனவிலங்கு ஆணையத்தின் கணக்கு. அதனால் 'இந்தக் குளத்தில் இருக்கிறதா?' என்று ஏஜென்ட்டிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. இன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த ஏப்ரலில் துணை தேடிக் கிளம்புகிற ஒன்று சாலையைக் கடந்து வந்து இறங்கும்.

டாம்பாவுக்கு வடக்கே இப்படி ஒரு குளக்கரையில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். தெருவுக்குப் புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் வந்தால், பால் காய்ச்சிய கையோடு என்னிடம்தான் வந்து கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் சொல்கிறதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அளவு பார்க்கப் பழகுங்கள். தண்ணீரில் தலை மட்டும்தான் தெரியும். கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவே எத்தனை அங்குலம் இருக்கிறதோ, அலிகேட்டரின் மொத்த நீளம் ஏறக்குறைய அத்தனை அடி. ஐந்து அங்குலம் என்றால் ஐந்தடி. பெண் பத்தடிக்கு மேல் வளர்வது அபூர்வம். ஆண் பதினாலடி வரை போகும். நான்கு அடிக்குக் குறைவானது மீன், தவளை, நத்தை என்று பிழைத்துக்கொண்டிருக்கும், உங்களைக் கண்டால் அதுதான் ஓடும். ஆனால் அரையடி நீளத்தில் மஞ்சள் கோடு போட்ட குட்டிகளைப் பார்த்தால் பக்கத்தில் போகாதீர்கள், போட்டோ எடுக்கக்கூட. தாய் எட்டின தூரத்தில்தான் இருக்கும். ஜூன் கடைசி, ஜூலை வாக்கில் கரையில் புல்லையும் சேற்றையும் குவித்து முட்டையிடும். ஆகஸ்ட் நடுவிலிருந்து குட்டிகள் வெளியே வரும். அந்த மாதங்களில் கரையில் புதிதாக ஒரு குப்பைமேடு தெரிந்தால் அந்தப் பக்கம் நடையை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது நேரம். அலிகேட்டர் வேட்டையாடுவது பெரும்பாலும் அந்தி சாய்ந்ததிலிருந்து விடிவதற்குள். நம் ஆட்கள் வெயிலுக்குப் பயந்து வாக்கிங் போவதும் அதே நேரம்தான். போகலாம், நடைபாதையில் போங்கள். தண்ணீர் ஓரத்துப் புல்லில் வேண்டாம். நான் 60 அடி இடைவெளி வைத்துக்கொள்வேன். வெப்பம் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் அது சாப்பிடுவதை நிறுத்திவிடும். 55க்குக் கீழே அசையாமல் கிடக்கும். ஜனவரியில் கரையில் வாயைப் பிளந்து கிடக்கிறதே என்று பதற வேண்டாம். அது உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும் முறை. 'உஸ்' என்று சீறினால் மட்டும் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், வந்த வழியே பின்வாங்குங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். தீனி போடாதீர்கள். ஃப்ளோரிடாவில் அலிகேட்டருக்கு உணவு போடுவது சட்டப்படி குற்றம். மனிதரைக் கண்டால் ஒதுங்குவதுதான் அதன் இயல்பு. இரண்டு தடவை கோழித்துண்டு விழுந்தால், மனிதர் என்றால் சாப்பாடு என்று படித்துக்கொள்ளும். அதற்கப்புறம் குளக்கரையில் யார் வந்து நின்றாலும் அவர்களை நோக்கி நீந்திவரும். நான் பார்த்தவரை தெரிந்தே அலிகேட்டருக்குப் போடுகிறவர்கள் குறைவு. வாத்துக்கு ரொட்டி, ஆமைக்கு மிச்ச இட்லி, தூண்டில் போட்ட பின் மீன் கழிவைத் தண்ணீரிலேயே எறிவது, இப்படித்தான் தொடங்கும். வாத்தும் ஆமையும் கூடுகிற இடத்துக்கு அவற்றைத் தின்கிறது வராதா?

ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் தங்க வரும்போது இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். என் அப்பா வந்த முதல் வாரமே கையில் ஒரு கிண்ணம் சாதத்தோடு குளத்துக்குக் கிளம்பினார். "மீனுக்குத்தானே போடறேன், புண்ணியம்டா" என்றார். "அப்பா, அந்த மீனைச் சாப்பிட வர்றவர் பின்னாடியே நிக்கிறார், பாருங்க" என்று பைனாகுலரைக் கொடுத்தேன். பார்த்தார். கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அன்றிலிருந்து அதைப் பார்ப்பதையே காலை வேலையாக வைத்துக்கொண்டார்.

நாய் வைத்திருப்பவர்கள் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். குரைப்பும் துள்ளலும், சின்ன உடம்பும் அதற்கு இரை மாதிரியே தெரியும். நாயைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. குழந்தைகளுக்கும் அதே விதி. நீச்சல், அனுமதித்த இடத்தில் பகலில் மட்டும். வேலி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், கம்பிவலை வேலியில் அலிகேட்டர் நன்றாகவே ஏறும்.

துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்று வாட்ஸப்பில் வருவதை நம்பாதீர்கள். நேராக ஓடுங்கள். நிலத்தில் அது கொஞ்ச தூரம்தான் வேகமாக வரும். பிடித்துவிட்டால் சும்மா இருக்கக்கூடாது. கண்ணைக் குத்துங்கள், மூக்கில் அடியுங்கள், கத்துங்கள். சின்னக் கடி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், புண் சீழ்பிடிக்கும். சரி, பயமுறுத்தியது போதும்: சீண்டாமலே கடித்து மருத்துவரிடம் போக வேண்டி வருகிற சம்பவம் மாநிலம் முழுக்க வருடத்துக்கு எட்டு என்ற சராசரியில்தான் இருக்கிறது.

'இவ்வளவு தொல்லை எதற்கு, பிடித்துக்கொண்டு போகச் சொல்லிவிடலாமே?' என்பதுதான் எல்லாரும் அடுத்துக் கேட்பது. நான்கடிக்கு மேல் இருந்து, ஆளுக்கோ வளர்ப்புப் பிராணிக்கோ ஆபத்து என்று தோன்றினால் ஆணையம் ஒப்பந்தப் பிடிப்பாளரை அனுப்பும். எங்கேயோ காட்டில் கொண்டுபோய் விடுவார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விட மாட்டார்கள். விட்டால் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும் என்பதால் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். தோலும் இறைச்சியும் பிடித்தவருக்குக் கூலி. போன் செய்வதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

இன்னொன்று, பிடித்துக்கொண்டு போனாலும் இடம் காலியாக இருக்காது. பெரிய அலிகேட்டர் சின்னதைத் துரத்தும், தின்னவும் செய்யும். எங்கள் எதிர்க்கரையில் ஒருவர் சொல்லி, சும்மா வெயில் காய்ந்துகொண்டிருந்த பெரியதைப் பிடித்துப் போனார்கள். அடுத்த கோடையில் அதே கரையில் இரண்டு இளசுகள், இரண்டும் எங்கே எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பழையதற்காவது ஒரு கால அட்டவணை இருந்தது.

அலிகேட்டர் இருப்பதால் மற்ற உயிர்களுக்கு என்ன லாபம் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் செயின்ட் அகஸ்டீனில் 1893 முதல் இருக்கிற அலிகேட்டர் பண்ணைக்கு வசந்தகாலத்தில் போங்கள். அலிகேட்டர்கள் நெருக்கியடித்துக் கிடக்கிற குளத்துக்கு நேர் மேலே, மரமெல்லாம் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கும். யாரும் அடைத்து வைத்த பறவைகள் இல்லை, தாமாக வந்தவை. காரணம் ரக்கூன் என்கிற, பூனையைவிடக் கொஞ்சம் பெரிய பிராணி. இரவில் மரமேறி முட்டையையும் குஞ்சையும் ஒன்று விடாமல் தின்றுவிடும். கீழே அலிகேட்டர் இருந்தால் நீந்தி வராது. அதற்குக் கொடுக்கிற வாடகை, தவறி விழுகிற குஞ்சு. தண்ணீர் வற்றி அலிகேட்டர் நகர்ந்துவிட்டால் ரக்கூன் ஏறி அந்தக் குடியிருப்பையே காலி செய்துவிடும்.

தெற்கு ஃப்ளோரிடாவின் பெரிய சதுப்புநிலமான எவர்கிளேட்ஸில் கதை இன்னும் பெரிது. அலிகேட்டர் வாலாலும் மூக்காலும் சேற்றைத் தள்ளித் தனக்கென்று பள்ளம் பறித்துக்கொள்ளும். குளிர்காலத்து வறட்சியில் சுற்றுவட்டாரம் காய்ந்தபோதும் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். மீன், ஆமை, நத்தை, அவற்றைத் தேடிவரும் பறவை எல்லாம் மழை வருகிறவரை அங்கேதான். சிவப்பு வயிற்று ஆமை தன் முட்டையை அலிகேட்டர் கூட்டிலேயே கொண்டுபோய் வைக்கும், தாய் காவல் இலவசமாகக் கிடைக்கிறதே. தோலுக்காகச் சுட்டுச் சுட்டு 1967இல் அழியும் உயிரினப் பட்டியலில் சேர்க்கிற நிலைக்கு அலிகேட்டர் வந்தது. பாதுகாத்த பிறகு 1987இல் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள்.

இதற்காக எப்போதும் போன் செய்யாதே என்று சொல்லவில்லை. ஆளைக் கண்டு விலகாமல் நெருங்கி வருகிறதா, நீச்சல் குளத்திலோ கராஜிலோ வந்து படுத்துவிட்டதா, உடனே கூப்பிடுங்கள். ஆணையத்தின் இலவச எண் 866-392-4286. நீளம், எங்கே கிடக்கிறது, என்ன செய்கிறது, எந்த வழியில் போகலாம் என்று கேட்பார்கள். பிடிப்பாளர் வரும்வரை நீங்களாகக் கயிறு போடவோ குச்சியால் தள்ளவோ கூடாது. அலிகேட்டரைச் சீண்டுவதும் குற்றம். குளம் குடியிருப்போர் சங்கத்தின் சொத்தாக இருந்தால் பிடிப்பதற்குச் சங்கத்தின் சம்மதம் வேண்டியிருக்கும். அதனால் சங்க மேனேஜரின் எண்ணையும் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். மாதத் தொகை பாக்கி என்றால் அவரே கூப்பிடுவார், மற்றதற்கு இரண்டு மூன்று தடவை முயல வேண்டியிருக்கும்.