கடாரம் வழியாக மேகாங் வரை: தனியாகப் பை தூக்கும் டெல்டாக்காரர்களுக்கு ஒரு செய்முறை

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகை என்று நம் பக்கத்தில் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும் வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் கணக்கில் வருவார். பெரும்பாலும் வேலைக்குப் போனவர். சும்மா ஊர் பார்க்க, அதுவும் தனியாக, ஒரு பையை மாட்டிக்கொண்டு மூன்று நாடு போய் வருகிறேன் என்றால் "எதுக்கு?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். மனிதர்களோடு பழகத்தான். கோயிலையும் கடலையும் படத்தில்கூடப் பார்த்துக்கொள்ளலாம். வேறொரு ஆற்றுப் பாசனத்தில் பிழைக்கிறவரோடு உட்கார்ந்து தண்ணீர்க் கஷ்டம் பேச வேண்டுமென்றால் நேரில் போக வேண்டும், அவசரமில்லாமல் தங்க வேண்டும்.

இது முதல்முறை போகிறவர்களுக்காக எழுதுவது. பாதை இதுதான்: திருச்சி, மலேசியா, தாய்லாந்து, வியட்நாம். கையில் ஒரு மாதம் இருந்தால் நிதானமாகப் போகலாம். பதினைந்து நாள்தான் என்றால் ஒரு நாட்டை வெட்டிவிடுங்கள். ஊர்களின் எண்ணிக்கை கூடக் கூட நட்பு குறையும்.

படி 1: ஊருக்குள்ளேயே ஒரு ஒத்திகை

கட்டப்போகிற அதே பையைக் கட்டிக்கொண்டு தஞ்சாவூரில் காரைக்கால் ரயில் ஏறி நாகூரில் இறங்குங்கள். தர்கா பக்கம் ஒரு சுற்று. அப்புறம் பஸ் பிடித்துக் காரைக்கால் வழியாகத் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. ஒரு ராத்திரி தனியாகத் தங்குங்கள். இரண்டு நாளும் வழியை போனில் பார்க்காமல் ஆட்களிடம் கேளுங்கள். சாப்பிடும்போது காலி மேஜையைத் தேடாமல், ஆள் இருக்கும் மேஜையில் "உட்காரலாமா?" என்று கேட்டு உட்காருங்கள். மலேசியாவின் பெனாங் தீவில் செய்யப்போவதும் இதேதான். சொந்த மொழியில் பழகிவிட்டால் அங்கே போய்க் கூச்சம் வராது. பையில் எது வீண் சுமை என்பதும் இந்த இரண்டு நாளில் தோளுக்குத் தெரிந்துவிடும்.

படி 2: பாஸ்போர்ட், விசா

டெல்டாக்காரர்களுக்குத் தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது. பெரியவர்களுக்கு 36 பக்க சாதாரண பாஸ்போர்ட் கட்டணம் 1,500 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழை மறக்காமல் கொடுங்கள். கொடுத்தால் ஈசிஆர் முத்திரை, அதாவது வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு, வராது. மலேசியாவும் தாய்லாந்தும் ஈசிஆர் பட்டியலில் உள்ள நாடுகள் என்பதால் இது முக்கியம். பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், பயணத் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் தங்க விடுகிறது. இந்தச் சலுகை 2026 கடைசி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தாய்லாந்து 2024 ஜூலையில் விசா இல்லாமல் 60 நாள் என்று ஆக்கியது. இதெல்லாம் அரசாங்கம் நினைத்தால் மாறும் விஷயம், அதனால் டிக்கெட் போடும் முன் அந்தந்தத் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். இரண்டு நாட்டுக்குமே டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை. வியட்நாமுக்கு இ-விசா வேண்டும். ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை கிடைக்கும். அதையும் வியட்நாம் அரசின் தளத்திலேயே போடுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் ஏஜென்ட் தளங்கள்.

படி 3: மாதமும் வழியும்

சம்பா அறுவடை முடிந்து கை ஓயும் தை கடைசி, மாசிதான் நமக்குத் தோதான காலம். தெற்கு வியட்நாமிலும் பாங்காக் பக்கத்திலும் அப்போது மழை இல்லை. வடக்குத் தாய்லாந்தில் அந்த மாதங்களில் வயலையும் காட்டையும் எரிக்கும் புகை சூழ்ந்துவிடும், அதனால் சியாங் மாய் ஆசையை இன்னொரு தடவைக்கு வையுங்கள். சந்திரப் புத்தாண்டு எந்த வாரம் என்று பார்த்து விலகிப் போங்கள். வியட்நாமில் அந்த வாரம் கடைகள் அடைத்துவிடும், ரயில் பஸ் எல்லாம் நிரம்பிவிடும். தைப்பூசம் மட்டும் கிடைத்தால் விடாதீர்கள். பெனாங் தண்ணீர்மலை முருகன் கோயிலில் அன்றைக்குத் தனியாக இருக்க நினைத்தாலும் விடமாட்டார்கள்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம், ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து இடிஎஸ் என்ற மின்சார ரயிலில் பட்டர்வொர்த், படகில் பெனாங் தீவின் ஜார்ஜ் டவுன். பெனாங்கில் நான்கு ராத்திரி போடுங்கள். பிறகு மறுபடி ரயிலில் வடக்கே கெடா மாநிலத்தின் அலோர் செத்தார். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்படை போன கடாரம் இந்தக் கெடாதான். திருவாரூர் பக்கத்தில் கடாரங்கொண்டான் என்று ஊரே வைத்துக்கொண்டு இதைப் பார்க்காமல் தாண்டக் கூடாது. இன்றைக்கு அது மலேசியாவின் நெற்களஞ்சியம். குனுங் கெரியாங் மலை அருகே நெல்லுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

அடுத்து பாடாங் பெசார். மலேசியா, தாய்லாந்து இரண்டு குடியேற்றச் சோதனையும் ஒரே ரயில் நிலையக் கட்டடத்தில் முடியும். எல்லை தாண்டினால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். ஹாட் யாயிலிருந்து ராத்திரி ரயிலில் பாங்காக். 2025இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் சண்டை மூண்டு தரைவழி எல்லை அடைபட்டதால், பாங்காக்கிலிருந்து ஹோ சி மின் நகருக்கு விமானம்தான் தலைவலி இல்லாத வழி. அங்கிருந்து பஸ்ஸில் கான் தோ, மேகாங் ஆற்று டெல்டாவின் பெரிய ஊர். திரும்பி வர ஹோ சி மின் நகரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கோலாலம்பூர் வழி.

படி 4: பை

ஏழு கிலோ. சிக்கன விமானங்களில் கையில் கொண்டுபோக விடுவது பெரும்பாலும் அவ்வளவுதான். நான்கு சட்டை, இரண்டு பேன்ட், ஒரு கைலி அல்லது துப்பட்டா, சீக்கிரம் காயும் துண்டு, சின்னப் பூட்டு, மருந்து, பவர் பேங்க். துணியை நான்கு நாளுக்கு ஒருமுறை துவைத்துக்கொள்ளலாம்.

மீதி இடத்தில் பகிர்ந்து தின்ன ஏதாவது வையுங்கள். தட்டை, கடலை மிட்டாய் போல உடையாத, கெடாத பண்டம். கசகசா சேர்த்த மசாலாப் பொடி வேண்டாம். சிங்கப்பூர் போன்ற சில நாடுகளில் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும்.

படி 5: வீட்டுக்குச் சொல்வது

சண்டை போட்டுக் கிளம்பாதீர்கள். எந்தத் தேதி எந்த ஊர், எந்த விடுதி, எந்த ரயில் என்று ஒரு தாளில் எழுதி அம்மா பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பேசுங்கள். மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், தாய்லாந்தும் வியட்நாமும் ஒன்றரை மணி நேரம் முன்னால். பெண்களுக்கு இந்தப் பேச்சு இரண்டு மடங்கு கடினம் என்று எனக்குத் தெரியும். படி 1இல் சொன்ன ஒத்திகையை இரண்டு மூன்று தடவை செய்து காட்டுவதுதான் அங்கே உதவும் ஒரே வாதம்.

படி 6: விமான நிலையம்

தனியாகப் போகும் இளைஞர்களைக் குடியேற்ற அதிகாரி நிறுத்தி வைத்து விசாரிப்பது இப்போது வழக்கம். காரணம் இருக்கிறது. சுற்றுலா என்று போய்க் கம்போடியா, மியான்மர் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் சிக்கிக்கொண்ட தமிழ்ப் பிள்ளைகள் அநேகம். திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு, கைச்செலவுப் பணம், நாள்வாரித் திட்டம் எல்லாவற்றையும் அச்செடுத்து வையுங்கள். கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொன்னால் போதும். வரிசையில் யாராவது "தம்பி, மச்சானுக்கு ஒரு சின்னப் பார்சல்" என்று நீட்டினால், சொந்த ஊர்க்காரராகவே இருந்தாலும் வாங்காதீர்கள். கடத்தல் பொருளைச் சுமக்கும் குருவி வேலை எப்படித் தொடங்குகிறது என்று திருச்சிப் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை.

படி 7: ஆட்களோடு பழகுவது

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹாஸ்டலில் படுக்கை எடுங்கள். முகம் தெரியாத ஆறு பேரோடு ஒரே அறையா என்று தயங்குகிறவர்கள் ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வர யாத்திரைக்காரர்கள் அப்படித்தான் தங்கிப் போனார்கள், இதுவும் அதே ஏற்பாடுதான். பெண்களுக்கு மட்டுமான அறை பெரும்பாலான இடங்களில் உண்டு. விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டில் எப்படி என்பதைவிட, பொது அடுப்படியும் கூடமும் இருக்கிறதா என்று பாருங்கள். பழக்கம் அங்கேதான் பிடிக்கும்.

ஒரு ஊரில் குறைந்தது மூன்று ராத்திரி. முதல் நாள் எல்லோரும் புது முகம். இரண்டாம் நாள் பெயர் தெரியும். மூன்றாம் நாள்தான் "சந்தைக்குப் போறேன், வர்றீங்களா?" என்று அவர்களே கேட்பார்கள். மதியம் மூன்று மணிவாக்கில் போய்ச் சேருங்கள். சாயங்காலம் கூடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். "எந்த நாடு?" என்று எல்லோரும் கேட்டுக் கேட்டு அவர்களுக்கே சலித்திருக்கும். "இன்னைக்கு எங்கே சாப்பிட்டீங்க, நல்லா இருந்துச்சா?" என்று கேளுங்கள், அதற்குப் பதில் சொல்ல யாரும் யோசிப்பதில்லை. சம்பளம், கல்யாணம் இரண்டும் முதல் நாள் பேச்சில் வேண்டாம். வியட்நாமில் மட்டும் அவர்களே உங்கள் வயதைக் கேட்பார்கள். அண்ணனா தம்பியா, அக்காவா தங்கையா என்று முடிவு செய்துதான் அங்கே கூப்பிட முடியும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெனாங்கில் தமிழ்க் குரல் கேட்டதும் மனசு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டட்டும். "அண்ணே, எந்த ஊரு?" என்று சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடையில் கேட்பார்கள். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவே இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் வந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் சிலருக்குத் தங்கள் பூர்வீகக் கிராமத்தின் பெயர் பாதிதான் தெரியும். அதைக் குறித்துக்கொண்டு வந்து தேடிச் சொல்லுங்கள். அந்த ஒரு காரியத்தால் ஒரு குடும்பமே சொந்தமாகிவிடும். ஊரைக் கேட்கலாம், சாதியைத் துருவக் கூடாது.

மொழி தெரியாத இடத்தில் கைவேலைதான் பழக்கத்தைத் தொடங்கி வைக்கும். கான் தோவில் நான் தங்கிய வீட்டின் அக்கா, காலையில் கண்ணாடித் தம்ளர் மேல் ஒரு அலுமினிய வடிகட்டியை வைத்துக் காபி போட்டார். அதற்குப் பெயர் ஃபின். தூளைப் போட்டு, ஓட்டைத் தட்டால் அழுத்தி, வெந்நீர் ஊற்றி மூடினால், அடியில் இருக்கிற கன்டென்ஸ்டு மில்க் மேல் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. நான் பையிலிருந்து சின்னப் பித்தளை ஃபில்டரையும் கும்பகோணத்துத் தூளையும் எடுத்து வைத்தேன். அவர் மேல் பாத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டைகளைப் பார்த்தார், தண்டு வைத்த தட்டைச் சுழற்றிப் பார்த்தார், சிக்கரி வாசனைக்குப் புருவத்தைத் தூக்கினார். அவருடைய ஃபின் அதற்குள் இறங்கி முடித்திருந்தது, நம்முடையது நிதானமாகத்தான் இறங்கும். அந்த நேரத்தில் போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து வயல் பேச்சு தொடங்கிவிட்டது. அவர்களுக்கு வருஷம் மூன்று போகம். கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடல் உள்ளே ஏறி உப்பாகிறது. மேலே வேறு நாடுகளில் அணை கட்டுகிறார்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று பார்த்திருந்து, நாகைக் கடைமடையில் உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டும் ஊரிலிருந்து வந்தவருக்கு இதில் புரியாதது என்ன? மறுநாள் விடியற்காலை காய் ராங் படகுச் சந்தைக்கு அவர்தான் கூட்டிப்போனார்.

உங்கள் கையில் என்ன வேலை இருக்கிறதோ அதைக் கொண்டுபோங்கள். பூக் கட்டத் தெரிந்தால் பூ, கோலம் என்றால் கோலம். இன்ஜின் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு மேகாங்கில் படகு உள்ள ஒவ்வொரு வீடும் நட்பு வீடு.

கூட்டாகச் சாப்பிடும்போது அவரவர் பங்கை அன்றன்றே கொடுத்துவிடுங்கள். குடிக்க அழைத்தால் "நான் குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அதே மேஜையில் உட்காரலாம். யாரோடும் பேசப் பிடிக்காத நாளும் வரும். அன்றைக்கு அறையிலேயே தூங்குங்கள்.

படி 8: எங்கே விலக வேண்டும்

"டேட்டா என்ட்ரி வேலை, எல்லைக்கு அந்தப் பக்கம், விசா நாங்க பாத்துக்கறோம்" என்று யார் சொன்னாலும், அன்றே விடுதியை மாற்றுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் செல்லாத நாட்டில் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. புது ஊருக்கு நள்ளிரவில் போய் இறங்கும்படி டிக்கெட் போடாதீர்கள். தாய்லாந்தில் அரச குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள், சட்டம் கடுமையானது.

படி 9: வந்த பிறகு

மலேசியாவில் வாட்ஸ்அப், தாய்லாந்தில் லைன், வியட்நாமில் ஜாலோ. எண்ணை வாங்கும்போதே சேர்ந்து எடுத்த படத்தையும் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்து எந்தப் பெயர் எந்த முகம் என்று குழம்பும். "எங்க ஊருக்கு வாங்க" என்று சொன்னால் மாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆற்றில் தண்ணீர் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு ஆடிப்பெருக்கு, அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3. பயிர் பார்க்க வேண்டும் என்றால் டிசம்பர், ஆனால் குடையோடு. திருச்சியில் இறங்கினால் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் என்பதையும் எழுதிவிடுங்கள்.